கண்மேல் ஒட்டிய கறுப்புத் தாள்

மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியின் கூடத்தில், மருத்துவ மேற்படிப்பு மாணவி ஜெஸ்ஸி தன் ஆய்வுப் போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். மாநாட்டுக்கு வந்தவர்கள் பஜ்ஜியைக் கடித்தபடி பலகை பலகையாக நகர்கிறார்கள். ஜன்னல் வழியே வெயிலும் உப்புக்காற்றும் தாராளமாக வருகின்றன. போஸ்டரின் நடுவில், கழுத்துக் கட்டியோடு அவளுடைய நோயாளி வேண்டாவின் புகைப்படம். அடையாளம் தெரியக் கூடாதென்று கண்களுக்குக் குறுக்கே கறுப்புத் தாளை வெட்டி ஒட்டியவள் ஜெஸ்ஸிதான். படமெடுத்த அன்று ஃபிளாஷுக்கு இமைக்காமலிருக்க வேண்டா என்ன பாடுபட்டாள்! “கண்ண நல்லா தொறந்துகினுதான் கீறேன். சரியா வுழுந்துச்சா டாக்டரம்மா?” படத்துக்குக் கீழே, அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளி நலமாக வீடு திரும்பினார் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. மாநாட்டுக்குக் கட்டுரையை அனுப்பியபோது அது உண்மை. போன வாரம் வேண்டா செத்துப்போனாள். “அனுப்பினத இப்ப மாத்த முடியாதும்மா. யாராவது கேட்டா சொல்லு, போதும்” என்றுவிட்டார் பேராசிரியர். யாராவது கேட்பார்கள் என்று காலையிலிருந்து நிற்கிறாள். இதோ நடுவர் வருகிறார். கட்டியின் அளவைக் கேட்கிறார், மருந்தைக் கேட்கிறார். “போட்டோ ரொம்பத் தெளிவா இருக்கு” என்று மதிப்பெண் போட்டுக்கொண்டு அடுத்த பலகைக்குப் போகிறார். “சார்…” என்கிறாள் ஜெஸ்ஸி. டீக் கோப்பைகளின் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. காற்றில் கறுப்புத் தாளின் ஒரு முனை எழும்புகிறது. அடியில் வேண்டாவின் ஒரு கண், அகலத் திறந்தபடி. ஜெஸ்ஸி கட்டைவிரலால் மெல்ல அழுத்தி அதை மூடுகிறாள்.