கொழும்பு மருமகளின் பாஸ்தா

"கேஸ் முடிஞ்சு போச்சுங்க ஆண்டி," என்றாள் ஷாமிலா.

மீனம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. சட்டியில் சின்னச் சங்கு மாதிரி இருந்த பாஸ்தா அரைவேக்காட்டில் கிடந்தது. கொழும்புப் பெண் புகையில் கஷ்டப்படக் கூடாது என்றுதான் பக்கத்து வீட்டு லெட்சுமியிடம் கேஸ் அடுப்பை இரவல் வாங்கி, முன் அறையான காம்பராவில் மேசை போட்டு வைத்திருந்தாள். நேரம் பார்த்து அது காலை வாரிவிட்டது.

எல்லாம் மகன் துஷாந்த் செய்த வேலை. கொழும்பில் கூட வேலை பார்க்கும், தான் கட்டிக்கொள்ள நினைக்கும் இந்தக் கண்டிப் பெண்ணிடம், "எங்க வீடு நுவரெலியா டவுன்ல" என்று இரண்டு வருஷமாக அளந்திருக்கிறான். இன்று காலை உடப்புசல்லாவைக்கு வரும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உண்மையைக் கக்கினானாம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், வீடு தோட்டத்து லய வரிசையில் ஒரு காம்பராவும் அடுப்படியும்தான் என்று. அதைக் கேட்டதிலிருந்து அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவ மூஞ்சச் சுளிச்சா எல்லாம் முடிஞ்சிச்சும்மா," என்று வந்தவுடன் தாயின் காதில் போட்டுவிட்டு, இப்போது வாசலில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"வெறகு இருக்கில்ல ஆண்டி?"

"இருக்கு. ஆனா அடுப்படி ஒரே பொகையா இருக்கும்மா. நீ இரு, நான் வேணும்னா..."

அதற்குள் ஷாமிலா சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிவிட்டாள். மீனம்மா பதறினாள். புகை மட்டுமா, அடுப்படிக்குப் போகும் வாசல் நிலை அவ்வளவு தாழ்வு. வெளியாள் ஒருவரும் அதில் தப்பியதில்லை. போன வருஷம் கூரை ஒழுகுவதைப் பார்க்க வந்த தோட்டத்து அதிகாரி சின்னத்தொரைக்கே நெற்றி புடைத்துப்போனது. கொதிக்கிற தண்ணீரோடு போகிறாளே!

'குனிம்மா' என்று சொல்ல மீனம்மா வாயைத் திறந்தாள். ஷாமிலாவோ, "அந்தச் சீஸை எடுத்துக்கிட்டு வாங்க ஆண்டி," என்று பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டே, நிலையைப் பார்க்காமலே தலையைச் சாய்த்து உள்ளே போய்விட்டாள்.

மீனம்மா சீஸ் பெட்டியோடு உள்ளே போனபோது, அவள் குந்தி உட்கார்ந்து ஊதாங்குழலை வாயில் வைத்திருந்தாள். இரண்டே ஊது. அடுப்பு பற்றிக்கொண்டது. கண்ணைக்கூடக் கசக்கவில்லை. உப்பு எங்கே என்று கேட்காமல் இடப்பக்கச் சுவர் மாடத்தில் கையை விட்டு உப்பு டின்னை எடுத்தாள். பாஸ்தா வெந்ததும் வடிதண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டப் பின்கதவுக்குப் போனாள். மழைக்கு ஊறி இறுகிப்போயிருந்த கதவைக் கால் விரலால் லேசாகத் தூக்கித் தள்ள, அது சத்தமில்லாமல் திறந்தது. அந்த வித்தை மீனம்மாவுக்குக் கைவர இரண்டு மழைக்காலம் பிடித்தது.

'பயபுள்ள வீட்டு ஓட்டை ஒடைசலை எல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லி வச்சிருக்கான்,' என்று நினைத்து வெட்கத்தில் குன்றினாள்.

ஷாமிலா பட்டரை உருக்கிப் பூண்டை வதக்கினாள். பாலை ஊற்றினாள். சீஸ் துண்டுகளை உரித்துப் போட்டதும், எரிகிற விறகில் இரண்டை வெளியே இழுத்துவிட்டாள்.

"இனிமே கொதிக்க விடக் கூடாதுங்க ஆண்டி. திரிஞ்சு போயிரும்."

எடுத்து வைத்த வடிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டினாள். தண்ணீராய்க் கிடந்த பால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டித் தயிர் போலத் திரண்டு ஒவ்வொரு சங்குக்குள்ளும் போய் நிறைந்தது. மிளகுத்தூளைத் தூவினாள். மொத்தமாக இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. மீனம்மா மலைத்துப்போய் நின்றாள். கோயில் தேர் அசைந்து வரும்போது கைகள் தானாகக் கூடுமே, கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது அவளுக்கு. இந்தப் பெண்ணைப் பெற்றவள் எவளோ, புண்ணியவதி!

ஒரு வாய் போட்டதும் மீனம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இல்லீங்களா ஆண்டி?"

"அமிர்தமா இருக்கும்மா. ஆனா ஒண்ணு கேக்கிறேன், மறைக்காமச் சொல்லு. கதவு இறுகும், உப்பு மாடத்துல இருக்கும், தலை இடிக்கும்னு எல்லாத்தையும் அவன் சொல்லித்தானே கூட்டிக்கிட்டு வந்தான்? இப்படி ஒரு வீட்டுக்கு வர உனக்கு மனசு சங்கடமா இல்லியா?"

வாசலிலிருந்து துஷாந்தின் குரல் வந்தது. "நான் அதெல்லாம் ஒண்ணும் சொல்லலியேம்மா."

ஷாமிலா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மீனம்மாவின் கையைப் பிடித்தாள்.

"பஸ்ல உங்க மகன் உண்மையைச் சொன்னப்பவே நானும் சொல்லியிருக்கணும். வாய் வரல. எங்க வீடு கண்டி டவுன்லன்னு நான் அவர்கிட்ட சொன்னதும் பொய்தாங்க அத்தை. எங்களுக்கு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் லயம். அம்மா இன்னும் கொழுந்துதான் எடுக்கிறாங்க. எல்லா லயத்தையும் வெள்ளைக்காரன் ஒரே அளவுலதானே கட்டி வச்சிட்டுப் போனான்? எங்க வீட்டுலயும் அதே இடத்துலதான் தலை இடிக்கும்."

"என்னது?" என்று அடுப்படிக்குள் ஓடி வந்த துஷாந்த், பிறந்து வளர்ந்த அந்த வீட்டில் முதல் தடவையாகத் தலையை இடித்துக்கொண்டான்.