வண்டியில் உட்காரும் ஆள்

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அம்மா ரிமோட்டை அழுத்தினார். சுவரிலிருந்த ஏசி ஒருமுறை முனகிவிட்டுச் சில்லென்று ஊதத் தொடங்கியது.

ஏணி மேல் நின்றிருந்த மெக்கானிக் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். நல்ல குளிர். வாயைத் திறந்து கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தக் குடியிருப்பின் நூற்றுப்பத்து வீடுகளுக்கும் ஏசி பராமரிக்கிற வருடாந்தர ஒப்பந்தம். அதோடு கூடவே வரும், வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வண்டி நிறுத்துகிற பாஸ்.

ஒப்பந்தம் கிடக்கட்டும். அந்தப் பாஸை நினைத்துத்தான் மனிதர் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

சிரிக்காதீர்கள். இந்த ஊரில் வேலை தெரிந்தால் மட்டும் போதாது, வேலை நடக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தவும் தெரிய வேண்டும். ஆளில்லாத வண்டியைக் கண்டால் போக்குவரத்துப் போலீஸார் ஏழே நிமிடத்தில் சக்கரத்தில் பூட்டு மாட்டிவிடுவார்கள். போன வருடம் மட்டும் அவருக்குப் பதினோரு பூட்டு. ஒருமுறை எங்குமே இடம் கிடைக்காமல் நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, ஏணியைத் தோளிலும் கேஸ் சிலிண்டரைக் கையிலுமாகச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்தால், வீட்டுக்காரர் வேறு ஆளை வைத்து வேலையையே முடித்திருந்தார்.

அப்போதுதான் மனைவி ஒரு யோசனை சொன்னாள். வேலை போய் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற தன் தம்பி வண்டியில் உட்காரட்டுமே என்றாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓர் ஆள் இருந்தால் பூட்டுக்காரர்கள் கிட்டே வருவதில்லை. வந்தாலும், இதோ எடுத்துவிட்டேன் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வந்து நிற்கலாம்.

அவருக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

மச்சினனுக்கு எந்தப் பக்கம் திருப்பினால் திருகாணி கழலும் என்பதுகூடத் தெரியாது. அதனாலென்ன, உட்காரத் தெரிந்தால் போதாதா? தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து ஜம்மென்று உட்கார்ந்தான். வண்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு யாராவது விசாரித்தால் அவனே பதில் சொன்னான். அவனுக்கு வாய் ஜாஸ்தி. நம் மெக்கானிக்கோ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் வேர்த்துப்போகிற அப்பிராணி. பேசட்டும், நமக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டார்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. மதியச் சாப்பாட்டில் பெரிய டப்பாவை அவனிடம் கொடுத்துவிட்டுச் சின்னதை இவர் வைத்துக்கொண்டார். வெயிலில் உட்கார்ந்திருக்கிறானே, பாவம்.

மெக்கானிக் ஏணியிலிருந்து இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி முன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்த வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

செயலாளர் அம்மா முந்திக்கொண்டார்.

"உங்கள மாதிரி கைசுத்தமா வேலை செய்யற ஆள் கிடைக்கிறதே கஷ்டம். இவரை விட்டுடாதீங்கன்னு நேத்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடும்போதே உங்க முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

எந்த முதலாளி என்று அவர் முழித்தார். அவருடைய முழியைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா சிரித்த முகத்தோடு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

மூன்று மாடி கீழே காவலாளி தடுப்புக் கம்பத்தைத் தூக்கிச் சலாம் வைத்தார். மெக்கானிக்கின் வண்டி உள்ளே நுழைந்து, நிழல் பார்த்து ஓரிடத்தில் அலுங்காமல் நின்றது. முன்கண்ணாடியில் பச்சை நிறத்தில் பாஸ் ஒட்டியிருந்தது. மச்சினன் இறங்கிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டான்.

அடப்பாவி.

தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் எட்டு மாதமாக அவன்தான் முதலாளி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிற இவர் சம்பளத்துக்கு வந்த ஆள். அவர்கள் அப்படி நினைத்தது அவர்கள் தப்பில்லை. அதை வளரவிட்டுக் கையெழுத்தும் போட்டானே, அவனைச் சொல்ல வேண்டும். பொறுங்க மாமா, நேரம் பார்த்துக் கேட்கலாம் என்று இரண்டு மாதமாக இவரைத் தடுத்துவைத்ததும் அவன்தான். சோறு போட்டவர் தலையிலேயே மிளகாய் அரைத்துவிட்டான்.

விடைபெற்றாரா, ஏணியை எடுத்தாரா என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. படிக்கட்டில் நின்றபடி மனைவியின் எண்ணை அழுத்தினார். அவள் நியாயம் தெரிந்தவள். சொன்னால் போதும், தம்பியென்றும் பாராமல் காதைத் திருகி இழுத்துவந்து நிறுத்திவிடுவாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவர் அழாமல் நின்றிருந்தார்.

மணி வெகுநேரம் அடித்தது. பிறகு எடுத்தாள்.

எங்கிருந்து தொடங்குவது என்று புரியாமல் அவர் மூச்சு வாங்கினார். அதைக் கேட்டதுமே அவளே பேசினாள். இத்தனை வருடத்தில் அவரிடம் அவ்வளவு நயமாக அவள் பேசியதில்லை.

"தெரிஞ்சிருச்சாங்க? யார் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதானே?"