ஒட்டன்சத்திரத்தோடு திரும்புகிறவன்

"ஆடியும் பொறந்தாச்சு. தைப்பூசத்துக்குப் போட்ட மாலை இன்னும் கழுத்துல கெடக்கு. எப்பத்தான் மலையேறப் போற வேலுசாமி?"

நன்னடத்தை அதிகாரி முத்துக்கிருஷ்ணன் கேட்டார். வேலுசாமி பச்சை வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"போகணும் சார்."

"கெளம்பத்தான் செய்யிற. ஒவ்வொரு தடவையும் ஒட்டன்சத்திரத்தோட திரும்பிர்ற. மொத தடவை என்ன?"

"வீட்ல காய்ச்சல்னு ஆள் அனுப்பிருந்தா சார்."

"அதுக்கடுத்து?"

"அவ அண்ணன் வீட்டு விசேஷம்னு அவளே பஸ் ஏறி வந்துட்டா."

டீ கொண்டுவந்த கிதர் முகம்மது கிளாஸை மேஜையில் வைத்தார். "சாமிக்கே தவணை சொல்ற ஆளு சார் இவரு."

வேலுசாமியும் சிரித்தான்.

வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவன் அவன். குடித்துவிட்டு மனைவியை அடித்த அடியில் அவள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள், வழக்கானது. கோர்ட் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் முத்துக்கிருஷ்ணனின் கண்காணிப்பில் விட்டிருந்தது. அவர் அறிக்கையில் ஒரு வரி மாறினால் உள்ளே போக வேண்டியதுதான். விட்ட வாரமே பழனிக்கு மாலை போட்டுக்கொண்டவன், அதன் பிறகு குடிக்கவில்லை.

முத்துக்கிருஷ்ணனுக்கு அது போதவில்லை. குடியும் குற்றமும் பற்றி அவர் பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வேலுசாமியைப் பற்றி எழுதிய பக்கங்களைப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மாலை போட்டவன் குடிக்கலைங்கிறது ஒரு முடிவாய்யா? கழட்டுன பெறகு என்ன செய்யிறான்னு பாரு."

அன்று சாயங்காலமே முத்துக்கிருஷ்ணன் வேலுசாமியின் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி பேச்சியம்மாள் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை நானே அவனைப் பழனிக்குக் கூட்டிட்டுப் போறேம்மா."

"என்ன சார் அவசரம்? சாமி எங்கயும் போயிறாது."

"ஞாயித்துக்கெழமை என்ன வேலை உங்களுக்கு?"

"எனக்கு ஒடம்புக்கு முடியாது சார்."

"ஞாயித்துக்கெழமை முடியாமப் போகும்னு இன்னிக்கே தெரியுதாக்கும்."

அவள் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் எவன்தான் திருந்துவான் என்று நினைத்துக்கொண்டே முத்துக்கிருஷ்ணன் வண்டியை மிதித்தார்.

வேலுசாமியிடம் அதிகம் பேசவில்லை. "அறிக்கை எழுதுறது நான்தான். ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

"வாரேன் சார்."

பஸ்ஸில்தான் போனார்கள். ஒட்டன்சத்திரத்தில் நின்றபோது வேலுசாமி எழுந்து, ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"யாரைத் தேடுற?"

"யாரையும் இல்ல சார்."

பஸ் புறப்பட்டது. அவன் நின்றுகொண்டே இருந்தான். கண்டக்டர் அதட்டிய பிறகுதான் உட்கார்ந்தான்.

மலையில் நல்ல தரிசனம். வெளியே வந்ததும் ஒரு குருசாமியைப் பிடித்து மாலையைக் கழற்றச் செய்தார் முத்துக்கிருஷ்ணன். படியிறங்கும்போது வேலுசாமியின் கை கழுத்துக்குப் போவதும் வெறுமனே இறங்குவதுமாக இருந்தது.

"இனிமே நீ மாலைக்குக் கட்டுப்பட்டவன் இல்ல. உன் மனசுக்குக் கட்டுப்பட்டவன். புரியுதா?"

"புரியுது சார்." கொஞ்சம் படிகள் இறங்கிய பின் கேட்டான். "இன்னிக்கு மட்டும் ஒங்க வீட்ல படுத்துக்கட்டுமா சார்?"

"ஏம்ப்பா, வீட்டுக்காரிகூடச் சண்டையா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"நீங்க முன்னாடி எங்க வீட்டுக்குப் போங்க சார். செத்த நேரத்துல வாரேன்" என்றான் வேலுசாமி.

முத்துக்கிருஷ்ணன் எங்கே என்று கேட்கவில்லை. நம்பி விடுவதும் சிகிச்சைதான் என்று படித்திருந்தார். பஞ்சாமிர்த டப்பாவோடு அவர் மட்டும் அவன் வீட்டுக்குப் போனார்.

பேச்சியம்மாள் அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"அவரு எங்க சார்?"

"வந்துக்கிட்டே இருக்கான்மா."

"மாலை?"

"கழட்டியாச்சு. இந்தாங்க, பஞ்சாமிர்தம்."

அவள் கை நீட்டவில்லை. உள்ளே போய் நாலு துணியை வயர் கூடையில் திணித்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். கதவைப் பூட்டிச் சாவியை அவரிடம் நீட்டினாள்.

"எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன் சார். அவரு வந்தா நீங்களே தொறந்து விட்டுருங்க. சட்டியில சோறு இருக்கு."

முத்துக்கிருஷ்ணனுக்குக் கோபம் வந்தது. "இம்புட்டு மாசம் குடிக்காம இருந்த மனுசன்மா. காய்ச்சல்னும் விசேஷம்னும் பொய் சொல்லி அவனைப் பாதி வழியில திருப்புனது நீங்கதான?"

"நான்தான் சார்." அவள் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கெளம்பாட்டி சாமி குத்தம்னு கெளம்புவாரு. கெளம்புறப்ப எங்கையப் பிடிச்சுக்கிட்டு, 'மாலை எறங்குனா நான் மனுசனா இருக்கமாட்டேன் புள்ள, என்ன பொய்யாச்சும் சொல்லி ஒட்டன்சத்திரத்துலயே என்னயத் திருப்பிக் கூட்டியாந்துரு'ன்னு அழுவாரு."