மயிலாரின் பரம ரசிகர்

வயதான மாடுகளைப் பராமரிக்கும் கொட்டகையில் மயிலார் வாரந்தோறும் கச்சேரி செய்வார். எல்லோரையும் முளையில் கட்டியிருந்ததால் ஒருவரும் பாதியில் எழுந்து போவதில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. மத்தியானத் தூக்கம் பறிபோன செவலைப் பசுவுக்கோ வயிறு எரிந்தது.

அன்று முதல் பாட்டு முடிந்ததும், தெருத்தெருவாகத் தலையாட்டிப் பிழைத்து ஓய்ந்த பூம்பூம் மாட்டிடம், "சுகமாக இருந்ததா?" என்று மயிலார் கேட்டார். அது தலையாட்டியது.

"இனி தினமும் வரட்டுமா?"

அதற்கும் ஆட்டியது.

"பரம ரசிகர்" என்று மயிலார் உருகினார்.

"வித்வானே, 'இனி வராமலே இருந்துவிடட்டுமா' என்றும் ஒருதரம் கேட்டுப் பாருங்களேன்" என்றது செவலை.

கேட்டார். மாடு அதே மாதிரி ஆட்டியது.

"பாவம், வயதாகிவிட்டது. என்ன கேட்கிறோம் என்றே புரியவில்லை" என்று சொல்லிவிட்டு, மயிலார் அடுத்த பாட்டை எடுத்தார்.