தவளையின் ஞாயிற்றுக்கிழமை

ஏரிக்கரையில் தவளை ஒருத்தி புருஷனோடு குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், புளியோதரையும் ஸ்பீக்கருமாக ஊரே அங்கே வந்து இறங்கிவிடும். பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் காதே அடைத்துப்போயிற்று.

“சனமெல்லாம் இங்க இருந்தா ஊரு காலியாத்தானே கிடக்கும்? வாங்க, ஒருநாளாவது நிம்மதியா இருந்துட்டு வருவோம்” என்று புருஷனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் இருவரும் இறங்கினார்கள். சுவரில் ஒரு பல்லி மட்டும் அரைத்தூக்கத்தில் இருந்தது.

“எங்க ஏரியில ஒரே இரைச்சல், தம்பி. இங்க என்னா அமைதி!” என்று பூரித்தவள், சந்தோஷம் தாங்காமல் பாட ஆரம்பித்தாள். புருஷனும் சேர்ந்துகொண்டான். பொழுது சாய்ந்தும் கச்சேரி ஓயவில்லை.

பல்லி மெல்ல இறங்கி வந்து கேட்டது: “அக்கா, உங்க ஏரிக்கு எந்தப் பக்கமா போகணும்?”