முப்பத்திரண்டாவது வரி

“முப்பத்தொரு தடவைக்கா. காலையிலேர்ந்து ஒரே தேடலை…”

“எண்ணிட்டு உக்காந்திருந்தியா? வேற வேலை வெட்டி இல்லையா உனக்கு?”

“நான் எங்கே எண்ணினேன், லாக் எண்ணுது. எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து.”

பரிசோதனைக்கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவனை எல்லோரும் சர்வர் தம்பி என்பார்கள். யார் எதைத் தேடினாலும் ஒரு வரியாகப் பதிந்துவைக்கும் லாகை, வேறு ஏதோ கோளாறுக்காகத் திறந்தவன் கண்ணில்தான் இது பட்டது. ரத்தப் பிரிவு அக்கா யாருடைய ரிப்போர்ட்டையோ தேடுகிறாள். ஒன்றும் கிடைக்காமல் மறுபடியும் தேடுகிறாள்.

யாருடையது என்றுதான் தெரியவில்லை. நோயாளி எண் வர வேண்டிய இடத்தில் லாக் வெறும் கேள்விக்குறியைத்தான் காட்டும். ரகசியம் காக்க அப்படி வைத்தவனே அவன்தான்.

போன மாதம்தான் ஒரு பெரிய புள்ளியின் ரிப்போர்ட் வெளியே கசிந்து, கூடத்தின் மானம் கப்பலேறியது.

“யாரோட ரிப்போர்ட்டுக்கா?”

“அதை டாக்டர் சொல்லணும். நான் சொல்லக் கூடாது.”

“டைரக்டர் கேட்டா சொல்லித்தானே ஆகணும்? இருபது வருஷ வேலை போயிடும்க்கா.”

“போனா போகட்டும். நீ சாப்பிட்டியா?”

பேச்சை மாற்றுகிறாள். போன வாரம் ஊழியர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தபோது, ஒவ்வொருவரையும் கிண்டலடித்துக்கொண்டே ஊசி குத்தியவள், இன்று அவன் முகத்தையே பார்க்கவில்லை.

அவன் தன் இடத்துக்குப் போய், கேள்விக்குறிக்குப் பதில் உண்மையான எண்ணையே எழுதும்படி லாகை மாற்றினான். பக்கத்திலேயே டைரக்டருக்கு மெயில். அக்காவின் பெயர் வரை அடித்தாகிவிட்டது, எண் ஒன்றுதான் பாக்கி.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். விசையைத் தட்டினாள்.

லாகில் முப்பத்திரண்டாவது வரி விழுந்தது. நோயாளி எண் 4172. இந்தத் தடவை ரிப்போர்ட் கிடைத்திருந்தது.

விடுவிடுவென்று போய் நின்றான். அக்கா திரையைக் கையால் மறைத்தாள்.

“மாட்டிக்கிட்டீங்க. யாருக்கா அந்த நாலாயிரத்து நூத்தி எழுபத்திரெண்டு?”

அக்கா எழுந்து, தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

“நீதான்ப்பா. உக்காரு, டாக்டர் வந்துட்டிருக்காங்க.”