பாட்டு நின்ற இடம்

"நிறுத்துங்கடா!"

தாமரை போட்ட சத்தத்தில் மேளமே நின்றுவிட்டது.

காப்பார் கடற்கரையில் மாசி மகம். அம்மனைத் தோளில் சுமந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். ஒவ்வொரு முழுக்குக்கும் முன்னால் கடல் பாட்டு பாட வேண்டும். மூன்று முழுக்கு, மூன்று தடவை பாட்டு. வருஷா வருஷம் அதைப் பாடியவர் தாமரையின் கணவர் தம்புசாமி. போன தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது பாடுவது முகுந்தனும் அவன் கூட்டாளிகளும், ஆளுக்கொரு போனோடு.

"ரெண்டு தடவையும் மூணாவது அடியில வாயடைச்சுப் போய் நிக்கிறீங்க. உங்க அங்கிள் ஒரு நாளாச்சும் நடுவுல நிறுத்தியிருப்பாரா?"

"அங்கிள் அனுப்புன வாய்ஸ் நோட்டுல அப்படித்தான் இருக்கு ஆன்டி," என்றான் முகுந்தன்.

"அவர் மேல பழி போடாத. போன்ல கத்துக்கிட்டா இப்படித்தான்லா. போதும், கடைசி முழுக்கு பாட்டில்லாமலே நடக்கட்டும்."

முகுந்தனின் முகம் செத்துப்போனது. ஈரமான போனைச் சட்டையில் துடைத்து அவள் காதருகே நீட்டினான்.

முதலில் ஒரு இருமல். பிறகு அவர் குரல்.

'கரை காத்த தாயே, ஏலேலோ...'

தாமரை கண்ணை மூடிக்கொண்டாள். முதல் அடி போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் குரல் நின்றது. 'சர்ர்' என்று ஒரு உறிஞ்சல்.

"தாமர, தேத்தண்ணியில சீனியே இல்ல."

தூரத்தில், அடுப்படியிலிருந்து அவளுடைய குரல்: "சுகர் ஏறிக் கிடக்கு, சீனி கேக்குதோ? பேசாம குடிங்க!"

அவர் சிரிக்கிறார். விட்ட இடத்திலிருந்து பாட்டு மறுபடி தொடங்குகிறது.

தாமரை காதிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

"தெரிஞ்சுதான் நிறுத்துறோம் ஆன்டி," முகுந்தன் மெல்லச் சொன்னான். "அங்க நீங்க பேசுறீங்க. நீங்க பேசுறப்ப நாங்க எப்படிப் பாடுறது?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். மேளம் எழுந்தது. பாட்டு எழுந்தது. மூன்றாவது அடியில் எல்லோரும் நின்றார்கள். அலைச் சத்தம் மட்டும்.

தாமரை கடலைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"இன்னிக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டுத் தரேன்... பாடுங்க."